மேல்தோலில் என்ன இருக்கிறது?

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை. அடுத்தது தாம்பரம் சானடோரியம். அப்புறம் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீண்டு கடைசியில் செங்கல்பட்டு. தினமும் காலேஜுக்கும் கம்பெனிக்கும் இந்த வழியில் போகிறவர்களுக்கு இவை வெறும் ஸ்டேஷன் பெயர்கள். ஆனால் குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. சானடோரியம் என்பது 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-லிருந்து தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஊர் தள்ளி வைத்தவையெல்லாம் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இறந்த மாட்டின் தோல், இருமுகிறவரின் மூச்சு, உணர்ச்சியற்ற மனிதத் தோல். மூன்றும் கை படக்கூடாதவை என்று நகரம் நினைத்தவை.

இந்த வழித்தடத்தில்தான் நான் மசாஜ் தெரபிஸ்டாகப் பிழைக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: “சும்மா மேலாப்புல தடவாதீங்க. நல்லா உள்ள எறக்கி அமுக்குங்க, அப்பதான் கேக்கும்.” வலி என்பது உள்ளே, ஆழத்தில், எலும்புக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறோம். தோல் அதன் மேல் போர்த்திய துணி மாதிரி. துணியைத் தடவி என்ன ஆகப்போகிறது?

இந்த நம்பிக்கை தவறு என்பதற்கான ஆதாரங்களில் ஒரு பகுதி இதே ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் கிடைத்தது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

ஊறு

தொடுவுணர்வுக்குத் தமிழில் ஒரு பழைய சொல் ‘ஊறு’. சுவை, ஒளி, ஓசை, நாற்றம் ஆகியவற்றோடு ஐந்தில் ஒன்றாக அதை எண்ணினார்கள். அதே சொல்லுக்குக் காயம், தீங்கு என்றும் பொருள். ‘ஊறு விளைவித்தல்’ என்று இன்றும் செய்தித்தாளில் எழுதுகிறோம். தொடுதலுக்கும் புண்படுதலுக்கும் ஒரே சொல். ஒரு பொருள் நம் மேல் வந்து ‘உறுவது’ ஊறு. அது பூவா முள்ளா என்பது அடுத்த கேள்வி.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. அந்த ஓர் அறிவு என்னவென்றால் தொட்டால் தெரிவது. கண், காது, மூக்கு எல்லாம் அப்புறம் வந்து சேருகின்றன. உயிர் என்று ஒன்று இருந்தால் முதலில் அதற்குத் தோல் இருக்கும், தோலுக்குத் தெரியும் என்பதே அந்த அடுக்கின் அஸ்திவாரம். இன்றைய கருவியலும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. கருவில் வெளிப்படலம் என்ற ஒரே அடுக்கிலிருந்துதான் மேல்தோலும் மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் உருவாகின்றன. தோலும் மூளையும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் வெளியே நின்றுவிட்டார், ஒருவர் உள்ளே போய்விட்டார்.

வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, எரிச்சல், பிடிப்பு, விண்விண் என்று தெறித்தல், மதமதப்பு, மரத்துப்போதல். பெரும்பாலானவை கை செய்கிற வேலைகள், அல்லது தோலுக்கு நேரும் அனுபவங்கள். கண்ணுக்குத் தெரியாத உள்வலியைச் சொல்லவும் தோலின் மொழியைத்தான் கடன் வாங்குகிறோம்.

யார் தொட்டார்கள்?

மருத்துவத்தின் பெரிய பகுதி தொடுவது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் விஷயம் சங்கடமாகும். சவரம் செய்த கையேதான் கட்டி கீறியது, சுளுக்கு வழித்தது, எண்ணெய் தேய்த்து உருவி விட்டது. அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் முதலில் தொட்டது அவர்கள் கைதான். பிரசவமான வீட்டில் அந்தக் கை வேண்டும். பந்தி போடும்போது அந்தக் கை வேண்டாம். உடம்பை, அதன் ரத்தத்தை, அழுக்கை, தோலைத் தொடுகிற வேலை எல்லாமே சாதியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டது. தோல் பதனிட்டவர்களுக்கும் அதுதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது தோல் நவீன ஏற்றுமதிப் பொருளாயிற்று. அதைத் தொட்டவர்களின் மேல் இருந்த பார்வை அந்த வேகத்தில் மாறவில்லை.

சுவடியும் ஓலையும் படித்த வைத்தியர் நாடி பார்ப்பார், சூரணம் கொடுப்பார். அமுக்குவதும் பிடிப்பதும் படிப்பில்லாத கையின் வேலை. இந்தப் பிரிவினை ஐரோப்பாவிலும் இருந்தது. லண்டனில் அறுவை மருத்துவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். 1745-ல்தான் பிரிந்தார்கள். அங்கே சர்ஜன் மேலே ஏறிப்போனார். இங்கே நவீன மருத்துவம் வந்தபோது, பரம்பரையாகக் கை வேலை செய்தவர்கள் அந்த ஏணியில் ஏற்றப்படவில்லை.

அதனால்தான் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். 1845-ல் பிறந்து 1914-ல் மறைந்த அயோத்திதாசர் ‘தமிழன்’ இதழை நடத்தியவர், தமிழ் பௌத்த மறுமலர்ச்சியைத் தொடங்கியவர் என்று இன்றைய வாசகர்களுக்குத் தெரியும். அவர் சித்த மருத்துவராகவும் இருந்தார் என்பது கொஞ்சம் பின்னால் போய்விட்டது. தீண்டாமைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் எழுதிய ஒரு மருத்துவரின் பெயரைத் தாங்கிய கட்டிடத்தில், தொட்டுச் செய்யும் வைத்தியம் முதுகலைப் படிப்பின் பாடமாக இருக்கிறது. அங்கே சிறப்பு மருத்துவம் என்ற பிரிவில் வர்மமும் தொக்கணமும் வருகின்றன. தொக்கணம் என்பது மசாஜுக்குச் சித்த மருத்துவம் வைத்திருக்கும் சொல்.

முப்பத்திரண்டு வழிகள்

சித்த மருத்துவம் உள்ளே கொடுக்கும் மருந்து வடிவங்கள் 32, வெளியே செய்யும் வைத்தியங்கள் 32 என்று கணக்கு வைத்திருக்கிறது. இந்தச் சமன்பாட்டைக் கவனியுங்கள். வாய்க்கு எத்தனை வழியோ அத்தனை வழி வெளியிலிருந்தும் உண்டு. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், களிம்பு, கொம்பு கட்டல், அட்டை விடல் என்று பட்டியல் நீளும். மூக்குக்கும் கண்ணுக்கும் உரியவை சில உண்டு. பெரும்பாலானவை தோலின் மேல் நடப்பவை. தொக்கணத்தை மட்டும் ஒன்பதாகப் பிரிப்பார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். அழுத்தல் ஒன்பதில் ஒன்றுதான் என்பதை “உள்ள எறக்குங்க” என்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டில் இதெல்லாம் பெயரில்லாமல் நடந்தது. தலைவலிக்குச் சுக்கு உரசிப் பத்து போடுவார்கள். இடுப்பு பிடித்தால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். மூட்டு வீங்கினால் நொச்சி இலையை வதக்கிக் கட்டுவது. எதுவுமே எலும்பைத் தொடவில்லை. தோல் வரைக்கும் போய் நின்றது, வலி குறைந்தது.

இதைக் கண்ணாடிப் புட்டிக்குள் அடைத்து விற்கலாம் என்று கண்டுகொண்டவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1914-ல் மெட்ராஸுக்கு இடம் மாறியது. அந்த லாபத்தில் ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு நாளிதழ் ஓடியது, தேச விடுதலை இயக்கத்துக்குப் பணம் போனது. மயிலாப்பூர் லஸ் பக்கம் இன்றைக்கு ஜாகிங் போகிறவர்களின் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது பெட்டியில் கோடாலித் தைலம் இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை புதினா உப்பு எனும் மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் போன்ற சில சரக்குகள்.

தைலம் தேய்த்தால் ஏன் ‘ஜில்’ என்று இருக்கிறது? தோல் உண்மையிலேயே குளிரவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் நூறு வருஷம் கழித்து வந்தது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு, மிளகாயின் காரப்பொருளும் சுடும் வெப்பமும் நரம்பு முனையில் ஒரே வாசலைத் திறக்கின்றன என்று கண்டுபிடித்தது. சுக்கின் காரமும் அந்த வாசலைத்தான் தட்டுகிறது. 2002-ல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியாக மென்தாலின் வாசலைக் கண்டார்கள். அது குளிரின் வாசலும்கூட. 2010-ல் படபூட்டியன் குழு, அழுத்தத்தை உணரும் பியேசோ என்ற புரதங்களை அடையாளம் கண்டது. 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல். அமிர்தாஞ்சன் உள்ளே இறங்கி வலியை விரட்டுகிறது என்பதைவிட, தோலில் இருக்கும் நரம்பு முனைகளோடு பேசி, மூளைக்கு வேறொரு செய்தி அனுப்ப வைக்கிறது என்று சொல்வது பொருத்தம்.

உணர்ச்சியை வேண்டுமென்றே இழந்தவர்

ஜூலியஸுக்கு ரொம்ப முன்னாலேயே ஓர் ஆங்கிலேயர் தன் தோலையே சோதனைச்சாலை ஆக்கினார். 1903 ஏப்ரலில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர், தன் இடது கையின் தோல் நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார். கையின் ஒரு பகுதி மரத்துப்போனது. உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்பதை நான்கு வருஷத்துக்கு மேல் வாரக் கடைசிகளில் ஊசியும் பஞ்சும் ஐஸும் வைத்துச் சோதித்தார்கள். சோதித்தவர் கேம்பிரிட்ஜின் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். இவர் அதற்குக் கொஞ்சம் முன்னால், 1901–02-ல், நீலகிரியில் தோடர்களோடு தங்கி அவர்களுடைய புலன்களையும் வாழ்க்கையையும் ஆராய்ந்துவிட்டுப் போனவர். ஹெட்டுக்கு முதலில் திரும்பியது முரட்டு உணர்ச்சி. எங்கே குத்தினார்கள் என்று தெரியாது, ஆனால் பயங்கரமாக வலிக்கும். நுட்பமான தொடுவுணர்வு ரொம்பத் தாமதமாக வந்தது. அது வர வர அந்த முரட்டு வலி அடங்கியது. இதை வைத்து அவர்கள் கட்டிய கோட்பாட்டின் பெரும்பகுதியைப் பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் நின்றது: தோலின் உணர்ச்சி ஒன்றல்ல, பல. அவை ஒன்றையொன்று அடக்கும்.

ஹெட் ஒரு துண்டுத் தோலை விருப்பப்பட்டு இழந்தார். விருப்பமில்லாமல் இழந்தவர்கள் செங்கல்பட்டில் இருந்தார்கள்.

செங்கல்பட்டு, 1947

தொழுநோய்க் கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-லேயே கண்டுவிட்டார். ஆனாலும் 1898-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு போட்ட தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்தது. அந்தச் சட்டம் முழுசாக ரத்தானது 2016-ல்தான். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது. திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை அந்தக் காலத்தின் பிள்ளை. 1955-ல் மத்திய அரசு அதையும் சைதாப்பேட்டையில் இருந்த குழந்தைகள் கிளினிக்கையும் சேர்த்து ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

1940-களில் அங்கே இருந்தவர் ராபர்ட் காக்ரேன். தோல் மருத்துவர். சல்போன் மருந்துகளை இந்தியாவில் முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஒருவர். 1947-ல் அவரைப் பார்க்க வேலூரிலிருந்து ஓர் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட். காக்ரேன் தோலில் உள்ள படைகளைக் காட்டிக்கொண்டு வர, பிராண்டின் கண் நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களில் நின்றது. இந்தக் கைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் தோல்காரன், எலும்பு உங்கள் ஆளுகை என்ற பொருளில் காக்ரேன் பதில் சொன்னார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலியெடுக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது. பிடிக்கிறவருக்கோ எவ்வளவு இறுக்குகிறோம் என்றே தெரியவில்லை. அழுகிச் செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்தது, நல்ல தசையுள்ள கை. தெரியாமல் போனது உணர்ச்சி மட்டும்.

அதற்கப்புறம் வேலூரில் பிராண்ட் கண்டதெல்லாம் துப்பறியும் கதை மாதிரி. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பெரியவர்களால் திறக்க முடியாதபோது, ஒரு சின்னப் பையன் வெறும் விரலால் சாவியைத் திருகித் திறந்தான். விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. ராத்திரியில் நோயாளிகளின் விரல்கள் எப்படிக் குறைகின்றன என்று காவல் இருந்து பார்த்தபோது, எலி கடித்துக்கொண்டிருந்தது. நோய் விரலைத் தின்னவில்லை. அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். அதனால் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளைத் தாக்கும். தோல் மரத்துவிட்டால் அடுப்பும் ஆணியும் எலியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வலி என்பது எதிரி என்று படித்து வந்த ஒரு மருத்துவர், வலி இல்லாததுதான் பேராபத்து என்று கண்ட இடம் இது. பிற்பாடு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவர் குழு செயற்கை வலி ஒன்றைச் செய்து பார்த்தது. கையுறையில் சென்சார், அழுத்தம் கூடினால் சத்தம். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. அக்குளில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முடிக்க வேண்டியிருந்தால் ஷாக்கை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். வலியின் சக்தியே அணைக்க முடியாததில் இருக்கிறது. அதைத் தோல் மட்டும்தான் தர முடியும்.

நம் தெருவுக்கு வந்து சேர்ந்த ஒரு பொருளும் இந்தக் கதையில் உண்டு. உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவ வேண்டும் என்று வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் பிராண்டும் கூட்டாளிகளும் நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யும் வேலையில் இறங்கினார்கள். அதுதான் எம்.சி.ஆர். செருப்பு. குதிகால் வலிக்கும் சர்க்கரை நோய்க்கும் இன்று தாம்பரம் மார்க்கெட்டில் கேட்டு வாங்குவது.

உள்ளேயா, மேலேயா?

செங்கல்பட்டு சொன்ன பாடத்தை மசாஜ்காரர்கள் ரொம்ப நாள் கேட்கவில்லை. நாங்கள் தசை முடிச்சை உடைக்கிறோம், ஒட்டிப்போன சவ்வைப் பிரிக்கிறோம், நச்சை வெளியேற்றுகிறோம் என்றே சொல்லி வந்தோம். 2008-ல் வெளியான ஒரு கணக்கீடு இதில் ஓட்டை போட்டது. தொடையின் கெட்டிச் சவ்வையோ பாதத்தின் சவ்வையோ ஒரு சதவீதம் நெளிய வைக்கக்கூட மனிதக் கை தர முடிகிற விசை போதாது என்று அது காட்டியது. அப்படியானால் அமுக்கியதும் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும் ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

1965-ல் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ஒரு விடை கொடுத்திருந்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருக்கிறது. தொடுதலைக் கொண்டுவரும் தடித்த நரம்பு இழைகள் நெரிசல் பண்ணினால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி உள்ளே போவது குறையும். விவரங்கள் பின்னால் மாறிவிட்டன, அடிப்படை நின்றது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் தேய்த்துவிடுகிறோம் என்பதற்கு இதுவே காரணம். பிசியோதெரபி சென்டரில் பேட் ஒட்டி மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் கருவியும் இதிலிருந்து பிறந்ததுதான்.

இன்னொன்று, 1939-ல் ஸ்வீடனின் ஸாட்டர்மன் பூனைகளிடம் கண்டது. மெதுவான வருடலுக்கு மட்டும் பதில் சொல்லும் மிக மெல்லிய நரம்பு இழைகள். மனிதரிடமும் அவை உண்டு என்று 1980-களின் கடைசியில் தெரிந்தது. முடியுள்ள தோலில் அவை நிறைய. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டோடு வருடினால் நன்றாகத் துடிக்கும். குழந்தையைத் தூங்க வைக்கும் பாட்டியின் கை ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் போகும். அளந்து பார்த்தவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

கனடாவின் பிசியோதெரபிஸ்ட் டயான் ஜேக்கப்ஸ் போன்றவர்கள் இதையெல்லாம் சேர்த்துத் தோலை மையமாக வைத்த ஒரு முறையை உருவாக்கினார்கள். அவருடைய வாதம் எளிமையானது. எந்த மசாஜ்காரரும் தசையைத் தொட்டதே கிடையாது. தொட்டதெல்லாம் தோலை. தோல் நரம்புகள் சவ்வுகளின் ஓட்டைகள் வழியாக மேலே வருகின்றன. தோலை மெதுவாக ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, சில நிமிஷம் காத்திருந்தால், அந்த நரம்புகளின் நிலைமை மாறும், மூளை தன் எச்சரிக்கையைத் தளர்த்தும். இந்த முறைக்குப் பெரிய மருத்துவச் சோதனைகள் இன்னும் பின்பலம் தரவில்லை. மொத்த மசாஜின் நிலையும் ரொம்ப உயர்வில்லை. 2015-ல் இடுப்புவலிக்கான மசாஜ் பற்றி வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் தெரிகிறது, ஆனால் ஆதாரங்களின் தரம் மிகக் குறைவு என்றது. (இந்தக் காக்ரேன் வேறு. ஆர்ச்சி காக்ரேன். நம்ம செங்கல்பட்டுக்காரர் இல்லை.)

ஆக, கை செய்வது தற்காலிக உதவி. அந்த உதவி தோல் வழியாகப் போகிறது. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால் தொழிலில் பல விஷயங்கள் மாற வேண்டும்.

கையின் பொறுப்பு

முதலாவது, வலிக்க வலிக்க அமுக்குவது. “வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பது நம்ம ஊரில் வேதவாக்கு. ஏற்கெனவே அலாரம் அடித்துக்கொண்டிருக்கும் நரம்பு மண்டலத்துக்கு இன்னொரு அபாயச் செய்தி அனுப்புவதால் என்ன லாபம்? சிலருக்கு அழுத்தம் பிடிக்கும், அவர்களுக்குக் கொடுக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவருக்கு அது சிகிச்சை இல்லை. அவர் ஊறு என்ற சொல்லின் இரண்டாவது பொருளை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, மரத்துப்போன தோல். சென்னைப் புறநகரில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. பல வருஷச் சர்க்கரை பாதத்தின் நரம்பைக் கெடுக்கும். செங்கல்பட்டில் கிருமி செய்ததை இங்கே சர்க்கரை செய்கிறது. அப்படிப்பட்ட காலுக்கு உப்பு ஒத்தடம், வெந்நீர் டப், ஹீட்டிங் பேட் எல்லாம் அந்தப் பையனின் பூட்டு மாதிரிதான். கிழிவது தெரியாது. எண்ணெயைத் தொடும் முன்னால் பஞ்சால் தொட்டுத் “தெரியுதா?” என்று கேட்பது எங்கள் தொழிலின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சுடுகிறதா என்பதை நோயாளியின் காலிடம் கேட்காமல் நம் முழங்கையிடம் கேட்க வேண்டும். தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் கண்ணில் பட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 2005-ன் கடைசியில் தொழுநோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று கணக்கு சொன்னது. ஆனால் உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இங்கேதான். மாத்திரை இலவசம், குணமாகும், ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு முழுக்கத் தோலைப் பார்க்கிறவர்கள் தோல் டாக்டருக்கு அடுத்தபடி நாங்கள்தானே.

மூன்றாவது, அந்தஸ்து. ‘மசாஜ்’ என்று சொன்னால் இன்றைக்கும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு இளிப்பு வரும். பெண் தெரபிஸ்ட் என்றால் வாடகைக்கு அறை கிடைப்பதே பாடு. இது ஏதோ ஸ்பா கலாச்சாரம் கொண்டுவந்த கெட்ட பெயர் என்று நினைக்கிறோம். அதற்கு வேர் இன்னும் பழையது. நாவிதர் வீட்டு வாசலிலும், மருத்துவச்சி நின்ற கொல்லைப்புறத்திலும், குரோம்பேட்டையின் தோல் தொட்டிக்குப் பக்கத்திலும், சானடோரியத்தில் 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைக் குளிப்பாட்டிய ஊழியர்களிடமும் இருந்த அதே பார்வை. உடம்பைத் தொட்டுச் சம்பாதிக்கிறவரை வேண்டும்போது கூப்பிட்டு, மற்ற நேரம் தள்ளி வைப்பது.

இந்தப் பார்வையின் மருத்துவ வடிவம்தான் ‘மேலாப்புல தடவுறது’ என்ற ஏளனம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆழமானது உயர்ந்தது, மேற்பரப்பு மட்டமானது. ஆனால் மேற்பரப்பை இழந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதைத் திருமணியில் எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கையைக் கொடுத்துப் பார்த்தார். யாரும் தொடத் துணியாத ஒரு கையைப் பிடித்ததால்தான் அந்த அறிவு கிடைத்தது. கையுறையோ கருவியோ அதைச் சொல்லியிருக்காது.

என் அறைக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள் கிடக்கும். அவற்றில் ஒன்றிரண்டு எம்.சி.ஆர். செருப்புகள் கட்டாயம் இருக்கும். உள்ளே வருகிறவர்களில் யாரிடம் முதலில் பஞ்சை எடுக்க வேண்டும் என்று அந்தச் செருப்பே சொல்லிவிடும்.